துருசுச் சுவரில் முளைத்த அரசங்கன்று

நெலும்கம என்ற சிங்கள ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் வீட்டுக்காரர் முதலில் செய்வது முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான். காகம் எச்சமிட்ட இடத்தில் ரெண்டு இலை, ஒரு கோடைக்குத் தாங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது தாங்கும். சுவரைத் தின்று வளரும். வெடிப்பு விழுந்து, வெடிப்புக்குள்ளே பல்லி குடும்பம் நடத்தத் தொடங்கின பிறகுதான் யாரை விட்டுப் பிடுங்கலாம் என்ற கதை வரும். தாங்களாகப் பிடுங்கமாட்டார்கள். புத்தர் கீழே இருந்த மரம். பிடுங்கினவன் கை விளங்காது, வீடு உருப்படாது என்று அவர்களுக்குப் பயம்.

பக்கத்துத் தமிழ் ஊர் வெட்டுவான்முனை. அங்கே சைவக்காரரும் தொடமாட்டார்கள், அது பிள்ளையாருடைய மரம். முன்னே காதர் காக்கா என்று ஒரு முஸ்லிம் பெரியவர் இந்த வேலைக்கு இருந்தார். சண்டைக்காலத்தில் அவர் கிண்ணியாப் பக்கம் போனவர் போனவர்தான். மிஞ்சினது கிறிஸ்தவ வேதக்காரன், மேசன் அருளப்பு.

அருளப்புவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. கட்டை ஆள். குரல் கல்லுடைக்கிற மெசின். மாமனோடு சாந்து குழைக்கப் போனவன் சுவர் கட்டக் கற்றுக்கொண்டான், பள்ளிக்கூடம் அதோடு சரி. கட்டின வீட்டில் பாதியை யுத்தம் இடித்தது. அவனுடைய சொந்த வீட்டை ரெண்டு தரம். ஊரே எழும்பி ஓடினபோது அவனும் ஓடினான், தறப்பாள் கூடாரத்தில் கிடந்தான், திரும்பி வந்தான். வந்த அடுத்த நாள், இடிந்த வீட்டுக் கல்லைத் தட்டித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். "அழ வேண்டாமாப்பா?" என்று பெண்சாதி திரேசம்மா கேட்டாள். "அழுதா ஆர் கல்லு துடைக்கிறது?" என்றான். அப்படியான சாதி மனுசன்.

வெட்டுவான்முனையில் அப்போது வீடு கட்டக் காசுள்ளவர் இல்லை. நெலும்கமவில் இருந்தார்கள். ஆகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கள ஊருக்கு வேலைக்குப் போனான். சோதனைச் சாவடியில் ஐடென்டிட்டியைக் காட்டினான், மட்டக்கம்பைக் காட்டினான், சாப்பாட்டுப் பார்சலைக்கூடப் பிரித்துக் காட்டினான். கொஞ்ச நாளில் சாவடிக்காரனே "பாஸ், எங்கட கக்கூசுக் கதவு சரியாப் பூட்டுதில்ல" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். மேசனைச் சிங்களத்தில் பாஸ் என்பார்கள்.

அரசங்கன்று வேலை அவனுக்கு வந்தது விதானை முதியான்சேயால். முதியான்சே நெலும்கமவின் வயல் விதானை. குளத்துத் தண்ணியை வாய்க்காலுக்கு வாய்க்கால் பங்கிட்டு விடுகிறவர். மீசை பெரிசு, நெஞ்சு சின்னது. ஒரு காலை அருளப்பு வேலை செய்கிற இடத்துக்கு வந்து ரெண்டு கையாலும் வெற்றிலைக் கட்டை நீட்டினார்.

"பாஸ், ஒரு சின்ன வேலை."

"சின்ன வேலைக்கு ஏன் விதானையார் ரெண்டு கையாலயும் வெத்திலை?"

"குசினிச் சுவரில ஒண்டு முளைச்சிருக்கு."

"உங்கட ஊரில கை இல்லையோ?"

"எங்களுக்குப் பாவம் பாஸ்."

"எனக்கு?"

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமை சுவாமியார் கழுவி விடுவார்தானே."

அருளப்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனான். ஆனால் கத்தி எடுக்கவில்லை. வேரைச் சுற்றிச் செங்கல்லை உளியால் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, வேரை முழுசாக உருவி, ஈரச் சாக்கில் சுற்றி விதானையாரின் கையில் கொடுத்தான். "இந்தாங்க, உயிரோட இருக்கு. பாலை ஊத்துறதோ ஆத்தில விடுறதோ உங்கட பாடு." பிறகு சுவரை அடைத்துப் பூசினான். அந்த வேலைக்கு அவன் கூலி வாங்கவில்லை. ஒரு நேரச் சாப்பாடு, அவ்வளவுதான்.

அதிலிருந்து அவனுக்கு அதுவே முறையாகிவிட்டது. வெற்றிலை இல்லாவிட்டால் அருளப்பு இல்லை. மற்றவர்களுக்கு அது மரியாதை. அவன் தன் பாட்டில் அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தான். கேட்டது நீ, செய்தது நான், நாளைக்கு ஏதும் வந்தால் ரெண்டு பேருமாய் நிற்போம் என்று.

பொடிமெனிக்கேயை அவன் அறிந்தது வீடு கட்டப் போன இடத்தில். அவளுடைய மூத்த மகன் ஆமிக்காரன், வடக்கே செத்தவன். செத்த ஆமிக்காரரின் குடும்பங்களுக்குக் கொடுக்கிற வீட்டுத் திட்டத்தில் அவளுக்கும் ஒரு வீடு. புருசன் முன்னமே போய்விட்டான். தன் வயலைத் தானே உழுவித்து, தானே களை எடுத்து, கூலிக்காரனை ஏசி வேலை வாங்குகிற மனுசி. அத்திவாரம் வெட்டின அன்று குழிக்கு மேலே நின்று கேட்டாள்.

"பாஸ், உங்கட வீட்டிலயும் சண்டையில ஆரும் போனதோ?"

"தம்பி ஒருத்தன்."

"எந்தப் பக்கத்தில நிண்டு?"

"மற்றப் பக்கத்தில, அக்கே."

அவள் உள்ளே போனாள். வேலை போச்சு என்று அருளப்பு நினைத்தான். கொஞ்ச நேரத்தில் கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ கொண்டு வந்து வைத்தாள். "குழி கோணலாப் போகுது, பாத்து வெட்டுங்க," என்றாள். குழி கோணல் இல்லை. ஆனால் அருளப்பு எழும்பி நூல் பிடித்துப் பார்த்து, "ஓம் அக்கே, கொஞ்சம் கோணல்தான்," என்றான். அவ்வளவுதான் அந்த ரெண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்தது.

இனித் துருசின் கதை.

ரெண்டு ஊருக்கும் குளம் ஒன்று. தமிழில் மாவிலங்கக்குளம், சிங்களத்தில் லுணுவரண வெவ. ரெண்டும் ஒரே மரத்தின் பெயர். ஆனால் பலகையில் எதை மேலே எழுதுவது என்று அடிபட்டுப் பலகையே இல்லாமல் போயிற்று. அந்தக் குளத்துத் தண்ணியை வயலுக்குத் திறந்து விடுகிற துருசுச் சுவரில் ஒரு அரசங்கன்று முளைத்தது. வீடென்றால் வீட்டுக்காரன் வெற்றிலை கொண்டு வருவான். துருசு எல்லாருக்கும் சொந்தம், ஆகையால் ஒருத்தரும் கொண்டு வரவில்லை. அருளப்புவும் கண்டவன்தான். கூப்பிடாத வேலைக்கு ஏன் போவான்? கன்று மணிக்கட்டுத் தடிப்புக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரேவத ஹாமதுரு வந்து சேர்ந்தார். வயது குறைந்த பிக்கு, தூரத்து ஊர்க்காரர். காட்டுக்குள் ஏதோ பழைய தூண் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து, தகரம் போட்டு ஒரு பன்சலை, சின்ன விகாரை, அமைத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள், மைக்செட் வந்தது. இந்த மண் முழுக்க ஒரு காலத்தில் விகாரைகள், அதை அழித்தவர் அழித்தார், இனி ஒரு செங்கல்லும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மைக்செட் சொல்லும். நெலும்கமக்காரர் அரைவாசி விசுவாசத்தோடும் அரைவாசி பயத்தோடும் கேட்பார்கள். ஒரு நாள் ஹாமதுரு குளக்கட்டால் நடந்து போகையில் கன்றைக் கண்டார். நட்டது யாருமில்லை, தானாக வந்திருக்கிறது, இதைவிட அடையாளம் வேண்டுமா என்றார். அடுத்த நாள் துருசைச் சுற்றிப் பௌத்த கொடி. அதற்கடுத்த கிழமை துருசுத் திட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு சிலை. குளக்கட்டால் போகிறவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்று ஒரு பலகையும் வைத்தார்கள். இந்தப் பலகையில் எதை மேலே எழுதுவது என்று சண்டை வரவில்லை. ஒரு மொழியில்தான் எழுதியிருந்தது.

பிறகு நீர்ப்பாசன எஞ்சினியர் வந்தார். வெடிப்புக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார், கம்பி முழுக்க உள்ளே போயிற்று. மரத்தை எடுத்துச் சுவரைக் கட்டாவிட்டால் இந்தப் பெரும்போகத்துக்குக் குளம் நிரப்ப விடமாட்டேன், நிரப்பினால் மாரிமழைக்குக் கட்டு பிய்த்துக்கொண்டு போகும் என்றார். மரத்தை எடுக்கிறது யார் என்று கேட்டதற்கு, அது தன்னுடைய திணைக்களத்துக்குள் வராது என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

குளம் நிரம்பாவிட்டால் ரெண்டு ஊருக்கும் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லாவிட்டால் என்ன என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

அன்று பின்னேரம் முதியான்சே மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் விட்டுவிட்டு அருளப்புவின் வீட்டுக்கு நடந்து வந்தார். கையில் வெற்றிலை இல்லை. அருளப்பு அதை முதலே கண்டுவிட்டான்.

"பாஸ், உங்களாலதான் ஏலும்."

"என்னால எத்தனையோ ஏலும். விசயத்தைச் சொல்லுங்க."

"ராவோட ராவா அதை எடுத்துப்போடுங்க. ஒருத்தருக்கும் தெரியாது. விடிய வந்து பாத்திட்டு, யானை இழுத்துப் போட்டுது எண்டு நாங்க சொல்லிப்போடுவம்."

"யானை உளியால இழுக்குமோ?"

"பகிடியை விடுங்க பாஸ். ஊர் முழுக்க உங்களத்தான் நம்பியிருக்கு."

"நம்பியிருக்கிற ஊர் ஏன் ஒழுங்கை முனையில மோட்டார் சைக்கிளை ஒளிச்சு வைச்சிட்டு வருகுது?"

முதியான்சே மீசையைத் தடவினார்.

"கேளுங்க விதானையார். ராவில எடுத்தா அதுக்குப் பேர் களவு. விடிஞ்சவுடன ஆர் எடுத்தது எண்டு கேப்பாங்க. யானையை ஒருத்தனும் பிடிக்கமாட்டான். வெட்டுவான்முனைக்குத்தான் வருவாங்க. என்னை மட்டும் எண்டா பரவாயில்லை, ஊரைக் கொளுத்துவாங்க. உங்கட குசினியில நான் ராவிலயோ எடுத்தனான்?"

"அது என்ட குசினி. இது..."

"இது உங்கட வயலுக்குப் போற தண்ணி. பகலில எடுப்பன். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க எடுப்பன். வெத்திலையோட வாங்க."

முதியான்சே எழும்பிப் போய்விட்டார். திரேசம்மா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியையும் குடிக்கவில்லை.

குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த திரேசம்மா வெளியே வந்தாள். "இஞ்ச பாருங்க. சிங்களவனுக்கும் ஏலாது, சைவக்காரனுக்கும் ஏலாது, நரகத்துக்குப் போறதுக்கு வேதக்காரன்தான் சும்மா இருக்கிறானோ? உங்களுக்கு ஆர் இந்த உத்தியோகம் தந்தது?"

"காகம்."

"ஓ, பகிடி. பொலிஸ் மறியல் வீட்டுக்குச் சோறு கொண்டு வரேக்க எனக்கும் பகிடி விடத் தெரியும்."

தமிழ்ப் பக்கத்து வயல்காரரின் தலைவர் கனகசூரியம் இன்னும் கடுமையாகச் சொன்னார். "அருளப்பு, நீ அதில கையை வைக்காத. ஒரு போகம் பட்டினி கிடப்பம். கிடந்து பழகினாங்கள்தானே. திரும்ப ஓடுறதுக்கு என்ட காலில பலமில்லை."

"அண்ணை, பயந்து பயந்து ஒரு போகம் விட்டா அடுத்த போகம் அந்தக் குளம் எங்கட எண்டு சொல்லவும் பயப்படுவம். உங்களை ஓடச்சொல்லி நான் கேக்கேல்ல. கட்டில வந்து நில்லுங்க, போதும்."

"நிண்டா?"

"நிண்டா, நிண்ட கணக்கு."

போகம் தொடங்குமுன் வயல்காரருடைய கூட்டம் ஒன்று நடக்கும். எந்தத் தேதியில் துருசு திறக்கிறது, எந்த விதை, மாடு எப்போது கட்டுவது என்று தீர்மானிக்கிற கூட்டம். ரெண்டு ஊரும் நெலும்கமப் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தது, சிங்களவர் ஒரு பக்க வாங்குப் பலகையில், தமிழர் மற்றப் பக்க வாங்கில். எஞ்சினியர் தான் முன்னே சொன்னதையே கடுதாசியைப் பார்த்துத் திரும்பச் சொன்னார். எல்லாரும் தங்கள் தங்கள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருளப்பு எழும்பினான். கனகசூரியம் அவன் சேட்டைப் பிடித்து இழுத்தார். சேட்டு கிழிந்ததே தவிர அவன் இருக்கவில்லை.

"எனக்கு அரசியல் தெரியாது. சாமி பிரசங்கமும் தெரியாது. சுவர் தெரியும். அந்த மரத்தை நான் வெட்டமாட்டன், வேரோட உயிரோட எடுத்துத் தருவன். இந்த ஊரில எத்தனை பேர் வீட்டில எடுத்திருக்கிறன் எண்டு உங்களுக்கே தெரியும், கையைத் தூக்கச் சொல்லேல்ல. வாற வியாழக்கிழமை காலமை துருசடியில இருப்பன். வெத்திலை தாறவர் வரட்டும். வராட்டி உளியைச் சாக்கில போட்டுக்கொண்டு வீட்டை போவன். பிறகு எல்லாருமாச் சேந்து வயலில மாடு மேய்ப்பம்."

சிங்கள வாங்கில் யாரோ சிரித்தான். சிரித்தவன் உடனே இருமினான்.

வியாழக்கிழமை அருளப்பு வெள்ளனவே போய்விட்டான். திரேசம்மா பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். "பொலிஸ்காரன் உங்களுக்குத் தேத்தண்ணி தரமாட்டான், இருக்கட்டும்," என்றாள். ரெண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளக்கட்டில் குந்தினார்கள். உளி, சுத்தியல், சாக்கு எல்லாம் பக்கத்தில். துருசைத் தொடவில்லை.

ஹாமதுரு முதலில் வந்தார். பின்னால் ஓட்டோவில் பொலிஸ் சார்ஜன் ஒருத்தர்.

"ஆர் சொல்லி இதில கை வைக்கிறாய்?" ஹாமதுரு கேட்டார்.

"இன்னும் கை வைக்கேல்ல ஹாமதுருவனே. வெத்திலை வரேல்ல."

"சார்ஜன், இவரைப் பிடியுங்க."

சார்ஜன் குளத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார். "ஹாமதுருவனே, மனுசன் பெண்சாதியோட தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறார். இதுக்கு எந்தச் சட்டத்தில பிடிக்கிறது?"

அப்படியே நேரம் போயிற்று. குளக்கட்டின் கிழக்கு முனையில் தமிழர் கொஞ்சம் பேர், மேற்கு முனையில் சிங்களவர் கொஞ்சம் பேர் கூடிவிட்டார்கள். ரெண்டு கூட்டமும் கிட்ட வரவில்லை. கனகசூரியம் நின்றார். முதியான்சேயைக் காணவில்லை. அருளப்பு தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தான். வெளியில் கல்லு மாதிரி இருந்தான். உள்ளே மட்டும், ஒருத்தரும் வராவிட்டால் எழும்பிப் போகிற அந்த நடையை எப்படி நடப்பது என்று யோசனை ஓடியது.

அப்போது மேற்குக் கூட்டம் விலகி வழிவிட்டது. பொடிமெனிக்கே வந்தாள். வெள்ளைச் சேலை. தலையில் துணி மூடின தானச் சட்டி. ஹாமதுருவுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டிலிருந்து சாப்பாடு போகும், மத்தியானத்துக்கு முன்னே அவர் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அன்று அவளுடைய முறை.

"பன்சலைக்குப் போனன், நீங்க இல்லை. இஞ்ச எண்டாங்க," என்று சொல்லி, முழங்காலிட்டுத் தானத்தை நீட்டினாள். ஹாமதுருவால் வாங்காமல் விட முடியுமா? ரெண்டு கையாலும் வாங்கினார். அவளுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும், இறந்த மகனுக்கும் புண்ணியம் சேரட்டும் என்று வழக்கமான வார்த்தை சொல்லி ஆசீர்வதித்தார். அவள் கும்பிட்டு எழும்பினாள். மடியில் செருகியிருந்த வெற்றிலைக் கட்டை எடுத்தாள். நேரே வந்து ரெண்டு கையாலும் அருளப்புவிடம் நீட்டினாள்.

"பாஸ், எங்கட சுவரில ஒண்டு முளைச்சிருக்கு. எடுத்துத் தாங்க."

அருளப்பு எழும்பி நின்று வாங்கினான்.

ஹாமதுருவின் முகம் கறுத்துவிட்டது. "உபாசக அம்மே, மகன் எதுக்காகச் செத்தான் எண்டு மறந்திட்டீங்களா?"

"அவன் செத்தது மறக்கேல்ல ஹாமதுருவனே. எதுக்காக எண்டு எனக்கு ஒருத்தரும் இன்னும் சரியாச் சொல்லேல்ல. எனக்குத் தெரிஞ்சது, லீவில வந்தா பையை வைக்க முதல் இந்தக் கட்டில ஏறித் தண்ணி எவ்வளவு எண்டு பாப்பான். அவன்ட வயல் கீழ கிடக்கு. அதைத் தரிசா விட்டிட்டு எந்தப் போதிக்கு நான் விளக்கு வைக்கிறது?" என்றாள். சார்ஜன் பக்கம் திரும்பினாள். "வெத்திலை குடுத்தது நான். பாவம் எண்டாலும் எனக்கு, வழக்கு எண்டாலும் எனக்கு. எழுதிக்கொள்ளுங்க. பேர் பொடிமெனிக்கே."

சார்ஜன் பேனையை உதறினார். "மை வருகுதில்லை அக்கா."

அந்த நேரம்தான் முதியான்சே ஓடி வந்தார், மூச்சு வாங்க. "விதானை நான் இருக்கிறன். ஒரு பொம்பிளை தனிய வெத்திலை குடுக்கிறதே?"

"இருந்தியளோ?" பொடிமெனிக்கே கேட்டாள். "எங்க இருந்தியள்? அந்த மருத மரத்துக்குப் பின்னாலயோ? மீசை ரெண்டு பக்கமும் வெளியில தெரிஞ்சுது."

கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடு ரெண்டு கூட்டமும் கிட்ட வந்துவிட்டது. வந்தவர் யாரும் திரும்பிப் போகவில்லை. முதியான்சே வெற்றிலைக் கட்டில் தன் கையையும் வைத்தார். பின்னால் ஒருத்தன், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். தொட்டவன் எல்லாம் கொடுத்தவன்தான், அதுதான் கணக்கு.

அருளப்பு சிலுவை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினான். வேர் நினைத்ததைவிட ஆழம். திட்டிலிருந்த சிலையை யாரும் தொடவில்லை, அவனும் அதற்கு ஒரு சாக்கை மூடித் தூசு படாமல் பார்த்துக்கொண்டான். ஒரு கல்லைத் தளர்த்தி எடுத்துக் கீழே நீட்டினான். கீழே யாரோ வாங்கினான். அடுத்த கல்லையும் வாங்கினான். குனிந்து பார்த்தால், சேற்றுக்குள் முதியான்சேயும் கனகசூரியமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கல் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேருக்கும் முகத்தில் சந்தோசம் ஒன்றுமில்லை. பாரம்தான் தெரிந்தது.

ஹாமதுரு தானச் சட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். சாப்பிடவில்லை. போகவுமில்லை. வேர் அரைவாசி வெளியே வந்தபோது அவராலும் பொறுக்க முடியவில்லை. "இழுக்காத, இழுக்காத! ஆணிவேர் அறுந்திடும். இடது பக்கக் கல்லை முதலில எடு!" அருளப்பு இடது பக்கக் கல்லை எடுத்தான். அவர் சொன்னது சரிதான்.

கன்று வெளியே வந்தது. வேர் அவன் உயரத்துக்கு நீளம். ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டு, வழக்கம் போல வெற்றிலை தந்தவரிடம் கொடுப்பதற்காகப் பொடிமெனிக்கே பக்கம் நீட்டினான். அவள் கையை நீட்டுமுன் ஹாமதுரு இடையில் வந்துவிட்டார். தானச் சட்டியைச் சார்ஜனிடம் திணித்தார்.

"போதி இப்பிடிக் கைக்குக் கை போகக் கூடாது. இஞ்ச தா."

காவித் துணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரெண்டு கையாலும் வாங்கினார். சேறு அவருடைய நெஞ்சிலும் காவியிலும் வழிந்தது. ஒரு தமிழ் மேசனுடைய கையில் அது ஒரு நிமிசம் கூட இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ, அல்லது உயிரோடிருக்கிற கன்றைக் கண்ட சாதாரண ஆசையோ, அது அவருக்குத்தான் தெரியும். ஆனால் சார்ஜனுக்கு ஒன்று தெரிந்தது. போதியை அழித்தார்கள் என்று இனி யாரும் முறைப்பாடு எழுத ஏலாது. அழிந்ததாகச் சொல்லப்படுகிற சாமான் முறைப்பாட்டுக்காரரின் மார்பில் இருக்கிறது. சார்ஜன் தானச் சட்டியோடு ஓட்டோவில் ஏறி, "ஹாமதுருவனே, வாங்க, கன்று வாடமுதல் கொண்டு போவம்," என்றார்.

கன்று பன்சலை முற்றத்தில் நடப்பட்டது. தளிர்த்தது. குளக்கட்டில் அழிய இருந்த போதியை ரேவத ஹாமதுரு காப்பாற்றினார் என்று பக்கத்தில் ஒரு பலகை. கனகசூரியத்துக்கு அதைக் கேள்விப்பட்டு நெஞ்சு எரிந்தது. "நீ எடுத்தனி, அவன்ட பேரோ? சிலையும் இன்னும் துருசடியில இருக்கு. செருப்புக் கழட்டுற பலகையும் இருக்கு. என்ன வெண்டு கிழிச்சம்?"

"சுவரை வெண்டம் அண்ணை," என்றான் அருளப்பு. "பலகைக்கு வேர் இல்லை. அதைப் பிறகு பாப்பம். அதுக்கும் வெத்திலை வரும்."

துருசுச் சுவரை அவன்தான் கட்டினான். எஞ்சினியர் கம்பியால் குத்திப் பார்த்தார், கம்பி வளைந்தது. குளம் நிரப்பலாம் என்று கையெழுத்து வைத்தார். மாரி பெய்தது, குளம் வழிந்து வான் பாயுமட்டும் பெய்தது. துருசு அசையவில்லை.

துருசு திறக்கிற காலை, திட்டில் ஒரு பக்கம் சிங்களவரின் பாற்சோறு கிரிபத், மறு பக்கம் பொங்கல். கதவு உயர்ந்து தண்ணி உறுமிக்கொண்டு வந்தது. ரெண்டு ஊரும் பார்த்துக்கொண்டு நின்றது. தண்ணி ரெண்டு வாய்க்கால் பிரிகிற இடத்துக்கு வந்ததுதான் தாமதம், முதியான்சே தமிழர் வயலுக்குப் போகிற மேல் வாய்க்கால் பலகையை அடைத்தார்.

"என்ன விதானையார், கீழ் வாய்க்காலுக்கோ முதல்?" கனகசூரியம் பாய்ந்தார்.

"எப்பவும் கீழ் வாய்க்கால்தான் முதல்."

"எப்பவும் எண்டா எப்ப? உங்கட அப்பர் கனவில கண்டவரோ?"

"எங்கட அப்பர் இந்த வாய்க்கால் வெட்டேக்க நீங்க எங்க ஐயா இருந்தியள்?"

"வாய்க்கால் வெட்ட உங்கட அப்பருக்கு மண்வெட்டி குடுத்ததே எங்கட அப்பர்!"

சிங்களமும் தமிழும் கலந்து ஏச்சு பறந்தது. புத்தரும் வரவில்லை, பிள்ளையாரும் வரவில்லை. அப்பன்மாரும் தண்ணியும் மட்டும்தான் அந்த ஏச்சில் இருந்தார்கள். பொடிமெனிக்கே மண்வெட்டியோடு நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் தள்ளுங்க, என்ட வயலுக்கு விட்டிட்டுப் பிறகு அடிபடுங்க," என்று கத்தினாள். யாரோ அருளப்புவைக் கூப்பிட்டான். "பாஸ், நீங்க சொல்லுங்க, எது முதல்?"

"நான் மரம் எடுக்கிற ஆள். தண்ணி பங்கிடுற ஆளில்லை," என்றான் அருளப்பு. கையைக் கட்டிக்கொண்டு கட்டில் நின்றான். அவன் முகத்தில் ஒரு நிறைவு.

திரேசம்மா பக்கத்தில் வந்தாள். "இஞ்ச பாருங்க. எங்கட துண்டு வயல் மேல் வாய்க்காலிலதானே இருக்கு?"

"ஓம்."

"அப்ப ஏன் சும்மா சிரிச்சுக்கொண்டு நிக்கிறீங்க? இறங்கிப் போய்ச் சண்டை பிடியுங்க."

அருளப்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "டேய், எடுங்கடா பலகையை!" என்று கத்தியபடி வாய்க்காலுக்குள் இறங்கினான்.